பல்லு போனா சொல்லு போச்சா?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. ஆணி எப்பவும் போலத்தான். இந்தத் தடவை ஆணி என் வாய்க்குள்ளயே இருந்துச்சு. கடைசியில இருந்த ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியாச்சு மக்களே.

பெங்களூர்ல பொட்டி தட்டுற எல்லாரையும் போல நானும் வலி வந்ததும் முதல்ல கூகிளைக் கேட்டேன். அப்புறம் மெடிக்கல் ஷாப்காரரைக் கேட்டேன். கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி ஆனப்புறம்தான் பல் டாக்டர்கிட்ட போனேன். வரவேற்புல இருந்த அம்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "ஹல்லு நோவா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அது "ஹலோ, நோவா?"ன்னு காதுல விழுந்துச்சு. "மேடம், என் பேரு நோவா இல்லீங்க"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறக்கலை. நல்லவேளை :-)

ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. ஹல்லுன்னா பல்லு. நோவுன்னா நம்ம நோவுதான். எங்க அப்பாயி "தலநோவு, வயித்துநோவு"ன்னு சொல்ற அதே நோவு. "பல்லு நோவா?" அவ்வளவுதான் கேள்வி. ஆறு வருஷமா அந்த ஊர்ல குப்பை கொட்டுறேன், இது எனக்கு உறைக்க ஒரு பல்லு போக வேண்டியிருந்துச்சு.

டாக்டர் அறையில முறை வர ஒரு மணி நேரம் ஆச்சு. சும்மா உட்கார்ந்திருந்தப்ப மனசுக்குள்ள ஒரு பட்டியல் போட்டேன். பல் ஹல்லு, பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, போ ஹோகு. நம்ம 'ப' வர்ற இடத்துல எல்லாம் வரிசையா 'ஹ' வந்து நிக்குது. பழைய கன்னடத்துலயும் அது 'பல்'தான். சுமாரா பத்தாம் நூற்றாண்டுலேர்ந்து சொல்லுக்கு முன்னாடி இருந்த 'ப' மெல்ல மெல்ல 'ஹ' ஆகியிருக்கு. ஆனா புஸ்தகம் ஹுஸ்தகம் ஆகலை. அது சமஸ்கிருதத்துலேர்ந்து வந்த விருந்தாளி, வீட்டுச் சட்டம் அதுக்கு ஓடலை. கோடு எழுதுறவனுக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்: விதி இருக்கு, விதி எங்க ஓடும் எங்க ஓடாதுன்னும் இருக்கு.

பல்லு போன கையோட ஒரு வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குக் கிளம்பினேன். ஊருன்னா அரியலூர்லேர்ந்து செந்துறை போற ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். நான் பொறந்தப்போ அது திருச்சி மாவட்டம். 1995ல பெரம்பலூர் மாவட்டம் ஆச்சு. 2001ல அரியலூர் மாவட்டம் ஆச்சு. 2002ல திரும்பவும் பெரம்பலூர். 2007 நவம்பர்லேர்ந்து மறுபடி அரியலூர். வீடு நகரவே இல்லை, விலாசம் மட்டும் நாலு தடவை மாறிடுச்சு. அதனால எங்களை எந்த ஊருன்னு கேட்டா "பெரம்பலூர் அரியலூர் பக்கம்"னு பொதுவா சொல்லிடுவோம்.

வாசல்ல உட்கார்ந்திருந்த அப்பாயி என் கன்னத்தைப் பார்த்துட்டுக் கேட்டுச்சு.

"ஏன்டா சாமி, எந்தப் பல்லு?"

"விஸ்டம் டூத்தாம் அப்பாயி. ஞானப்பல்லு."

"அதென்னடா ஞானப்பல்லு? கடவாப்பல்லுன்னு சொல்லு. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்கு ஒரு பல்லு போனதுக்கே பேச்சு மாறிப்போச்சு."

சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. அப்பாயிக்கு வாயில ஒரு பல்லு கிடையாது. ஆனா சொல்லு ஒண்ணுகூடப் போகலை. பால்பல், தெத்துப்பல், கோரைப்பல், வெட்டுப்பல், கடவாப்பல்னு முப்பத்திரண்டுக்கும் பேர் வச்சிருக்கு.

இங்க ஒரு பாவமன்னிப்பு கேட்டுக்கணும். காலேஜ் படிக்கும்போது ஒரு பேச்சுப்போட்டியில, "ஆங்கிலத்தில் 'டெண்டல்' என்கிறான், அது நம் 'தந்தம்' அல்லவா!"ன்னு மைக்கைப் பிடிச்சு முழங்கினேன். கைதட்டல் பறந்துச்சு. ரெண்டாம் பரிசும் கொடுத்தாங்க, எவர்சில்வர் டப்பா. அந்த டப்பா இன்னும் எங்க வீட்டு அடுப்படியில கடுகு போட்டு வச்சிருக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்குன்னு இருக்கும். ஏன்னா நான் சொன்னது பாதி சரி, முக்கால்வாசி தப்பு. (கணக்கு இடிக்குதா? இடிக்கட்டும்.)

சரியான பாதி என்னன்னா, தந்தமும் டெண்டலும் உண்மையிலேயே சொந்தக்காரங்க. ஆனா சொந்தம் தமிழ் வழியா இல்லை. சமஸ்கிருதத்துல தந்த, லத்தீன்ல டென்ஸ், கிரேக்கத்துல ஓடூஸ், பாரசீகத்துல தந்தான், ஆங்கிலத்துல டூத். எல்லாம் ஒரே இந்தோ ஐரோப்பிய வேர்ச்சொல்லோட பிள்ளைங்க. டூத் எப்படி டென்ஸுக்கு உறவாகும்னு கேட்டா, அங்கயும் கன்னடம் மாதிரி ஒரு விதி இருக்கு. லத்தீன்ல அதிர்வுள்ள 'ட்' (d) வர்ற இடத்துல ஆங்கிலத்துல அதிர்வில்லாத 'ட்' (t) வரும். லத்தீன்ல டுவோ, ஆங்கிலத்துல டூ. லத்தீன்ல டெகெம், ஆங்கிலத்துல டென். அதே வரிசையில டென்ஸ், டூத். நடுவுல இருந்த 'ன்' ஆங்கிலத்துல காணாமப் போச்சு, ஜெர்மன்ல 'ட்சான்'னு இன்னும் இருக்கு. அந்த வேருக்குத் 'தின்பது'ன்னு பொருள்னு அறிஞர்கள் நிறையப் பேர் சொல்றாங்க. ஆங்கிலத்து 'ஈட்'டும் சமஸ்கிருதத்துல தின்பதைக் குறிக்கிற 'அத்'தும் அதே வேர்தான். நாம சாப்பிடுற அன்னம்கூட அந்த 'அத்'துலேர்ந்து வந்ததுதான்.

தமிழுக்குத் தந்தம் விருந்தாளியா வந்தது. அதுக்கு முன்னாடி யானைத் தந்தத்துக்கு நம்மகிட்ட கோடு இருந்துச்சு, மருப்பு இருந்துச்சு, எயிறு இருந்துச்சு. முறுவல், மூரல், நகைன்னு சிரிப்பைக் குறிக்கிற சொல்லெல்லாம் பல்லையும் குறிச்சிருக்கு. சிரிச்சா தெரியறது அதுதானே. வீட்டுச் சொல்லு, அன்றாடச் சொல்லு, பல். பரிசு வாங்குற ஆசையில வீட்டுக்காரனை வெளியே நிறுத்திட்டு விருந்தாளியைக் காட்டி "இவன்தான் எங்க தாத்தா"ன்னு சொல்லியிருக்கேன்.

சின்ன வயசுல ஸ்கூல்ல "பெரும் பல் ஊர், அதான்டா பெரம்பலூர்"னு பெரம்பலூர்ப் பசங்களைக் கிண்டல் பண்ணுவோம். அதுக்கும் என் பேச்சுப்போட்டி ஆராய்ச்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒண்ணுக்குச் சிரிப்பு கிடைச்சுது, இன்னொண்ணுக்கு டப்பா கிடைச்சுது. ஒலி ஒத்துப்போறதை மட்டும் பார்த்தா பல்லாங்குழியையும் பல்லுல சேர்த்துடலாம். அது பதினாலு குழி, பன்னாங்குழியா இருந்து பல்லாங்குழி ஆனது. பல்லுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது புரியறதுக்கு 2020ல ஒரு சம்பவம் நடந்துச்சு. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல உருண்டை உருண்டையா பெரிய கல்லு கிடைச்சுது. வாட்ஸப்புல "டைனோசர் முட்டை!"ன்னு ஊர் பூரா பரவிடுச்சு. போட்டோ எடுக்கக் கூட்டம் வேற. நிலவியல் தெரிஞ்சவங்க வந்து பார்த்துட்டு, இது முட்டை இல்லப்பா, கடல்ல வாழ்ந்த அம்மோனைட்டைச் சுத்திப் படிவு சேர்ந்து உருண்டையான கல்லுன்னு சொல்லிட்டாங்க. பார்க்க முட்டை மாதிரி இருக்கு, முட்டை இல்லை. கேட்க ஒரே மாதிரி இருக்கு, உறவில்லை. ரெண்டும் ஒரே பாடம்தான்.

ஆனா முட்டை ஏமாத்தினாலும் எங்க மண்ணு ஏமாத்தலை. சுமாரா 10 கோடி வருஷத்துக்கு முன்னாடிலேர்ந்து டைனோசர் காலம் முடியற 6.6 கோடி வருஷம் வரைக்கும் இந்தப் பக்கம் பெரும்பாலும் கடல். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்னைக்கு சிமெண்ட் ஃபேக்டரிகள் வெட்டிக்கிட்டு இருக்கு. 1840 வாக்குல கே, கன்லிஃப்னு ரெண்டு ஆங்கிலேயர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கமெல்லாம் புதைபடிமம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாங்க. 1862ல பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை அடுக்கடுக்கா பிரிச்சு எழுதினார். ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சி அடுக்கு, அரியலூர் அடுக்குன்னு இன்னைக்கும் உலகம் பூரா படிக்கிறவங்க அந்தப் பேரைத்தான் சொல்றாங்க.

இந்த மண்ணுல கிடைக்கிறதுல பல்லுக்குத் தனி இடம் உண்டு. சுறாவுக்கு எலும்பே கிடையாது, உடம்பு பூரா குருத்தெலும்பு. செத்தா அது மக்கிடும், பல்லு மட்டும் நிக்கும். பல்லு மேல இருக்கிற எனாமல்தான் உடம்புலயே கெட்டியான பொருள். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்துப் படிவுகள்லேர்ந்து டைக்கோடஸ்னு ஒரு சுறாவோட பல்லை 2012ல விவரிச்சு எழுதியிருக்காங்க. சிப்பியை நொறுக்கித் தின்ன சுறா, பல்லு தளம் போட்ட மாதிரி தட்டையா இருக்கும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுல கிடைச்ச ஒரே ஒரு குட்டிப் பல்லு 2013ல இன்னும் பெரிய செய்தி ஆச்சு. அது ட்ரூடான் வகை டைனோசரோட பல்லுன்னு அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழு எழுதினாங்க. அதுவரைக்கும் அந்த வகை வடக்குக் கண்டங்கள்ல மட்டும்தான் இருந்துச்சுன்னு நம்பியிருந்தாங்க. ஒரு பல்லு, ஒரு குடும்பத்தோட வரைபடத்தையே மாத்திடுச்சு. வாட்ஸப்புல வந்த போட்டோவை நம்பி அவங்க எழுதலை. பல்லோட வடிவம், விளிம்புல இருக்கிற ரம்பம் இதையெல்லாம் மத்த இனத்தோட ஒப்பிட்டுத்தான் சொன்னாங்க.

இன்னொரு வேடிக்கை. டைக்கோடஸ்னா கிரேக்கத்துல மடிப்புப் பல். ட்ரூடான்னா காயப்படுத்தும் பல். ரெண்டுலயும் இருக்கிறது ஓடூஸ், தந்தத்தோட ஒண்ணுவிட்ட தம்பி. நான் மைக்குல வம்படியா இழுத்த சொந்தம் எங்க ஊர் மண்ணுலயே வேற பேர்ல கிடந்திருக்கு. அரியலூர் போனா வாரணவாசியில புதைபடிம அருங்காட்சியகம் இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா 'வாரணம்னா யானை, அப்ப வாரணவாசின்னா...'ன்னு உடனே ஆரம்பிச்சுடாதீங்க சாமிகளா, டப்பா கொடுத்துடுவாங்க :-)

மண்ணுல பல்லு கடைசி வரைக்கும் நிக்குது. மொழியிலயும் அப்படித்தான். எந்த மொழியா இருந்தாலும் சில சொற்களை லேசுல கடன் வாங்க மாட்டாங்க. கண்ணு, மூக்கு, தண்ணி, நான், நீ இப்படி. மோரிஸ் ஸ்வாதேஷ் போட்ட 100 சொல் பட்டியல்லயும், 2009ல வந்த லைப்சிக் ஜகார்த்தா பட்டியல்லயும் பல்லு இருக்கு. பர்ரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டினா பல்லுக்கு ஒரு பெரிய கூட்டமே நிக்குது. மலையாளத்துல பல்லு, கோலாமியில பல், கோண்டியில பல், பார்ஜியில பெல், மால்டோவுல பலு, குருக்ல பல்ல். தெலுங்குல பல்லும் உண்டு, பன்னும் உண்டு. ('பல'ங்கிற சொல்லு அங்க தனிப் பதிவு. நிறைய இருக்கிறதால பல்லுன்னு பேர் வந்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.)

இதெல்லாம் எனக்கு அகராதியில படிச்ச விஷயமாத்தான் இருந்துச்சு, அந்த டீக்கடைக்குப் போற வரைக்கும்.

ஊருக்குப் போன மூணாவது நாள், மெயின்ரோட்டு டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தேன். டீயை ஆத்தி ஆத்தி ஒரு பக்கமாவே குடிச்சேன். பக்கத்துல சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல ஒப்பந்த வேலை பார்க்கிற வடநாட்டு ஆளுங்க நாலு பேர். எங்க ஊர்ல அவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேர், 'இந்திக்காரன்'. அதுல ஒருத்தர் என் கன்னத்தைப் பார்த்துட்டு "தாந்த்?"னு கேட்டார். எனக்கு பெங்களூர்ல கத்துக்கிட்ட அரைகுறை இந்தி உண்டு. ஆமா பையா, பிடுங்கியாச்சுன்னேன். எந்த ஊருன்னு கேட்டேன். ஜார்க்கண்ட், கும்லா பக்கம்னார். வீட்டுல என்ன பேசுவீங்கன்னேன். கொஞ்சம் தயங்கிட்டு "குருக்"னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் பல்லைத் தொட்டுக் காட்டி, "குருக்ல இதுக்கு என்ன பேரு?"ன்னேன்.

"பல்ல்."

கண்ணைக் காட்டினேன். தொண்டையில லேசா உரசி "ஃகன்"னார். கையைக் காட்டினேன். "ஃகெக்கா"ன்னார். நம்ம 'க' அங்க தொண்டை உரசலா மாறி நிக்குது, கன்னடத்துல 'ப' மாறி நின்ன மாதிரி. நான் அப்படிங்கிறதுக்கு "ஏன்", நீ அப்படிங்கிறதுக்கு "நீன்". எண்ணச் சொன்னேன். மூணுக்கு மூந்த், நாலுக்கு நாக். அஞ்சுலேர்ந்து இந்திப் பக்கத்து எண்கள் வந்துடுச்சு. நாலுக்கு மேல எண்ணிக்கையே பறிபோயிருக்கு, பல்லு போகலை!

நான் பதிலுக்குத் தமிழ்ல பல்லு, கண்ணு, மூணு, நாலுன்னு சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். மூணு வருஷமா எங்க ஊர்ல இருக்காராம். "பல்"னு யாராவது சொல்லிக் காதுல விழுந்திருக்கு, நம்ம பாஷை மாதிரியே இருக்கேன்னு தோணியிருக்கு, ஆனா யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியலைன்னார். டீ மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் பைத்தியக்காரனுங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். அவர் தமிழர்னு நான் சொல்ல வரலை. அவர் குருக் பேசுற ஒராவோன். 2011 கணக்கெடுப்புப்படி சுமாரா 20 லட்சம் பேர் பேசுற மொழி அது. தமிழ்லேர்ந்து பிரிஞ்சு போனதும் இல்லை. தமிழ் குருக்குக்கு அம்மா இல்லை, ரெண்டுக்கும் ஒரே அப்பாயி. அந்த அப்பாயிக்கு இன்னைக்கு வாயும் இல்லை பல்லும் இல்லை. அது பேசின மொழியை மூலத்திராவிடம்னு சொல்றாங்க. இந்தக் குடும்பத்துக்கு வயசு சுமாரா 4500 வருஷம்னு 2018ல வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. அந்த அப்பாயி சொன்ன 'பல்', செந்துறை ரோட்டுலயும் கும்லாவுலயும் அச்சு மாறாம இருக்கு. ஊர் பேர் தெரியாத இந்திக்காரன்னு நாங்க ஒதுக்கி வச்ச ஆளோட வாயில, எங்க வீட்டுச் சொல்லு.

இந்தப் பல்லை வச்சுச் சிந்துவெளி வரைக்கும் போறவங்களும் இருக்காங்க. 2021ல பஹதா அன்சுமாலி முகோபாத்யாய் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அவங்களும் நம்ம இனம், மென்பொருள் துறைக்காரங்க. வாதம் இதுதான். பழைய மெசபடோமியாவுல யானைக்கு 'பீரு', 'பீரி'ன்னு பேரு. கி.மு. 1400 வாக்கில எழுதின ஒரு அமர்னா கடிதத்துலயும் அந்தச் சொல் வருது. பாரசீக மன்னன் தாரியஸ் சூசாவுல அரண்மனை கட்டினப்போ, தந்தம் எங்கேர்ந்தெல்லாம் வந்துச்சுன்னு கல்வெட்டுல எழுதி வச்சான். எத்தியோப்பியா, சிந்து, அரகோசியா. அதுல தந்தத்துக்குப் போட்டிருக்கிற சொல் 'பீருஷ்'. இதெல்லாம் சிந்துவெளியில வழங்கின 'பீலு'ங்கிற யானைச் சொல்லுலேர்ந்து போனது, பீலுவும் திராவிடப் பல்லும் ஒரே வேர், அந்த வேருக்குப் 'பிளப்பது'ன்னு பொருள்னு அவங்க சொல்றாங்க. பல் உள்ளதால யானை பீலு. பல் தேய்க்கிறதால மிஸ்வாக் குச்சி மரமும் பீலு. அந்த மரத்தைத் தமிழ்ல உகா மரம்னு சொல்வாங்க. சமஸ்கிருதத்துல பீலுன்னா யானையும்தான் அந்த மரமும்தான். பாரசீகத்துப் பீல், அரபியில ஃபீல், எங்கயோ பனிக்குள்ள இருக்கிற ஐஸ்லாந்துல யானையையே பார்க்காதவங்க வாயிலயும் ஃபீல் மாதிரி ஒரு சொல்லு.

படிக்கும்போது ஜிவ்வுன்னு இருக்கு இல்ல? எனக்கும் இருந்துச்சு. ஆனா பழைய எவர்சில்வர் டப்பா ஞாபகம் வந்துச்சு. சிந்துவெளி எழுத்தை இன்னும் யாரும் படிச்சு நிரூபிக்கலை. பல்லு திராவிடம்ங்கிறதுல சந்தேகம் இல்லை, பீலு பல்லோட பிள்ளைதானாங்கிறது வாதம். ஒரு சொல்லை வச்சுக்கிட்டு ஒரு நாகரிகத்துக்கே பட்டா போட முடியாது. அவங்க வரிசையா ஆதாரம் அடுக்கியிருக்காங்க, அடுத்தவங்க அதை ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்க்கணும். அது வரைக்கும் அதை நல்ல வாதம்னு மட்டும் வச்சுப்போம்.

பல்லுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இன்னொரு சம்பந்தம் உறுதியா இருக்கு. பலூசிஸ்தான்ல மெஹர்கர்னு ஒரு இடம். அங்க 7500லேர்ந்து 9000 வருஷத்துக்கு முந்தின புதைகுழிகள்ல ஒன்பது பேரோட 11 கடைவாய்ப்பல்லுல துளை போட்டிருக்குன்னு 2006ல எழுதினாங்க. கல்லு முனை வச்ச துரப்பணம்! மரத்துப்போற ஊசி இல்லாம! என் டாக்டரை நான் மனசுக்குள்ள திட்டினதுக்கு அப்பவே மன்னிப்பு கேட்டுட்டேன்.

அதே பலூசிஸ்தான்ல இன்னைக்கும் பிராகூயின்னு ஒரு திராவிட மொழி இருக்கு. அவங்க பல்லுக்கு என்ன சொல்றாங்க தெரியுமா? தந்தான். பாரசீகச் சொல்லு. சுத்தியும் வேற மொழிக்காரங்க, தலைமுறை தலைமுறையா ரெண்டு மூணு மொழி பேசிப் பிழைப்பு. எண்கள் மூணோட நின்னுபோச்சு, பல்லும் கைவிட்டுப் போச்சு. லேசுல போகாத சொல்லுன்னா, போகவே போகாத சொல்லுன்னு அர்த்தம் இல்லை. எங்க அப்பாயிக்குப் பல்லு போச்சு, சொல்லு இருக்கு. பிராகூயிக்குப் பல்லு இருக்கு, சொல்லு போச்சு.

இது எங்கயோ தூரத்துக் கதைன்னு நினைச்சேன். டீக்கடையை விட்டுக் கிளம்பறப்போ அந்த அண்ணன்கிட்ட, "உங்க பையன் குருக் பேசுவானா?"ன்னு கேட்டேன். எட்டு வயசாம், ஊர்ல ஸ்கூலுக்குப் போறானாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், "அவன் தாந்த்னுதான் சொல்றான். பல்ல்னு சொன்னா ஸ்கூல்ல சிரிக்கிறாங்களாம்."

4500 வருஷம் தாக்குப் பிடிச்ச சொல்லு. கும்லாவுல ஒரு வீட்டுல, ஒரு தலைமுறையில, சிரிச்சே கொன்னுட்டாங்க. டூத்துன்னு சொல்ற அக்கா பொண்ணு எங்க வீட்டுலயும் இருக்கா. பேஸ்ட்டுக்கு டூத்துப்பேஸ்ட்டு, வலிக்கு டூத்துப்பெயின். நான் மட்டும் என்ன ஒழுங்கு, அப்பாயிகிட்ட 'விஸ்டம் டூத்'னு ஆரம்பிச்ச ஆள்தானே.

வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். குருக், மூலத்திராவிடம், தாரியஸ், எல்லாம். பொறுமையாக் கேட்டுச்சு.

"அப்ப அந்தப் புள்ளையும் பல்லுன்னுதான் சொல்லுதா?"

"ஆமா அப்பாயி."

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு. சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுது? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு."

நான் இவ்வளவு படிச்சு வந்து சேர்ந்த இடத்துக்கு அது ஒரே எட்டுல வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் வந்தாங்க. அப்பாயி தமிழ்லயே பேசுச்சு, அவங்க தலையாட்டிக்கிட்டே சாப்பிட்டாங்க. போகும்போது அப்பாயி தன் பொக்கை வாயைத் தொட்டுக் காட்டி, "பல்லு இல்ல"ன்னுச்சு. அந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே "பல்ல்"னார்.

டாக்டர் பேப்பர்ல சுத்திக் கொடுத்த என் கடவாப்பல்லு பையிலயே இருந்துச்சு. சின்ன வயசுல விழுந்த பால்பல்லைச் சாணியில உருட்டிக் கூரை மேல வீசுவோம். இப்ப எங்க வீடு மாடி வீடு, சாணிக்கும் பக்கத்துத் தெருவுக்குப் போகணும். அதனால கொல்லையில குழி தோண்டிப் புதைச்சுட்டேன். அரியலூர் மண்ணு, பல்லை பத்திரமா வச்சிருக்கும். சொல்லைப் பத்திரமா வச்சிருக்கிறது மண்ணோட வேலை இல்லை.

உங்க ஊர்ப் பக்கம் கடவாப்பல், தெத்துப்பல் இதுக்கெல்லாம் என்ன பேர் சொல்வீங்க? பாட்டி தாத்தாகிட்ட கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல போடுங்க.

டிஸ்கி: நான் மொழியியல் படிச்சவன் இல்லை, எஞ்சினியரிங் படிச்சிட்டுப் பொட்டி தட்டுறவன். தப்பு இருந்தா தலையில குட்டுங்க. கன்னத்துல மட்டும் வேண்டாம், இன்னும் வீக்கம் வடியலை.